கொடிக் கசாயமும் தம்பியின் குளிசையும்

கேள்வி: ரொறொன்ரோவில் இருக்கும் என் தம்பி மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக ஃபுளுஒக்செற்றின் குளிசை எடுக்கிறான். இப்போது பெரு நாட்டுக்குப் போய் அயவாஸ்கா என்ற மூலிகைக் கசாயம் குடிக்கப் போகிறானாம். "காலங்காலமாகக் குடிக்கிற சனம் சுகமாகத்தானே இருக்குது அக்கா" என்கிறான். விடலாமா?
- வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, இன்றைக்கே தம்பிக்குப் போன் எடுங்கள். அந்தக் குளிசையும் அந்தக் கசாயமும் ஒரே உடம்பில் சேரவே கூடாது.

அமேசன் காட்டுக் கொடி ஒன்றையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் சேர்த்து மணிக்கணக்காகக் காய்ச்சுவார்கள். குடிப்பவருக்கு இல்லாத காட்சிகளைக் காட்டுவது இலையிலுள்ள டி.எம்.ரி. என்ற பொருள். தனியே விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதியம் அதை அழித்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் அந்த நொதியத்தை மறிக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரற்றோனின் என்ற மூளை இரசாயனத்தை உடைப்பதும் அதே நொதியம்தான். குளிசை ஒரு பக்கம் செரற்றோனினைக் கூட்ட, உடைக்கிற வழியும் அடைபட்டால் நடுக்கம், கடும் காய்ச்சல், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். "இரண்டு நாள் குளிசையை விட்டிட்டுக் குடிக்கிறன்" என்பான். ஃபுளுஒக்செற்றின் உடம்பை விட்டுப் போக ஐந்து வாரம் வரை எடுக்கும். அதற்காகத் தன்பாட்டில் குளிசையை நிறுத்தவும் கூடாது.

தம்பி சொன்னதிலும் உண்மை உண்டு. 1993இல் பிரேசிலின் மனாஸ் நகரில், இதை வழிபாட்டில் குடிக்கும் ஒரு சபையில் பத்து வருடத்துக்கு மேலாக இருந்த 15 ஆண்களையும் குடிக்காத 15 பேரையும் ஒப்பிட்டார்கள். குடித்தவர்களின் மனநலம் கெட்டிருக்கவில்லை. சபைக்கு வந்தபின் மதுவை விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். சரி, ஆனால் பத்து வருடம் நிலைத்தவர்களைத்தானே பார்த்தார்கள்? ஒத்துவராமல் விலகியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

நான் முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவன். என் பாட்டனார் சண்டிலிப்பாயில் நாட்டு வைத்தியம் செய்த பரியாரி. "வேறை என்ன மருந்து குடிக்கிறாய்?" என்று கேட்காமல் அவர் கசாயம் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரி மருந்தை மறைத்த ஒருவரை அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதைத் திண்ணையில் இருந்து பார்த்திருக்கிறேன். தம்பி போகிற இடத்தில் அப்படிக் கேட்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

அவனோடு சண்டை பிடிக்காதீர்கள். இரண்டு வருடமாகியும் மனம் தேறாததால்தானே இவ்வளவு தூரம் தேடுகிறான்? அதை அப்படியே தன் டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றலாம், வேறு மருந்து பார்க்கலாம். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.