பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த தாத்தாவின் பணிப் பதிவேடு லண்டனில் கிடைக்குமா?

தாத்தா அதிகாரியாக இருந்திருந்தால் லண்டனுக்கு எழுதுங்கள். சிப்பாய் என்றால் தபால் செலவாவது மிச்சமாகட்டும். நம் பக்கத்தில் போனவர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள்தாம். உங்கள் தாத்தாவும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் (அன்று லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த துறை) ஆவணங்களில் அதிகாரிகளின் பணிக் குறிப்புகள் நிறையவே உண்டு. சிப்பாய்களின் பதிவேடுகளோ இந்தியாவிலேயே, ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸ் வசம் தங்கிவிட்டன. இது தெரியாமல் ஓராண்டை வீணாக்கியவன் நான்.

என் அப்பாவின் பெரியப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. படையில் அவர்களுக்குத் ‘தம்பி’ என்றே பெயர். “சிங்கப்பூர்ச் சண்டையில் போய்விட்டார்” என்பதுதான் வீட்டில் வழங்கிய கதை. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அன்று மாசி அமாவாசை. அந்தத் திதியில்தான் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குப் படையல்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், போரில் இறந்தவர்களை இலவசமாகத் தேடலாம். சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவிடச் சுவர்களில் கல்லறை தெரியாத 24,000 பேருக்கு மேல் பெயர் பொறித்திருக்கிறார்கள். ‘முனுசாமி’யை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் தட்டிப் பார்த்தேன். முனுசாமிகள் வந்தார்கள், எங்களவர் இல்லை. பிறகு பாட்டியின் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குடும்பப் பென்ஷன் சீட்டில் அவருடைய படை எண் கிடைத்தது. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். பெங்களூரிலுள்ள சாப்பர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினாலும் எண்ணோடு எழுதுங்கள்.

எண்ணைத் தட்டியதும் வந்துவிட்டார். தகப்பனார் பெயர், எழுத்துப் பிழையோடு எங்கள் ஊர்ப் பெயர். இறந்த ஆண்டு 1944. இடம் ரபாலுக்கு அருகே பீட்டா பாக்கா கல்லறைத் தோட்டம். அது பப்புவா நியூ கினியில் இருக்கிறது என்பதையே வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியக் கைதிகளில் ஆயிரக்கணக்கானவர்களை ஜப்பானியர்கள் அந்தத் தீவுகளுக்குக் கப்பலேற்றிக் கூலி வேலை வாங்கினார்கள். 1945இல் மிஞ்சியவர்களை மீட்டவர்கள் ஆஸ்திரேலியர்கள். ரபாலில் போர்க்குற்ற விசாரணை நடத்தியதும் அவர்கள்தாம். ஆகவே காகிதமெல்லாம் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில், பல கோப்புகள் இணையத்திலேயே. பெரிய தாத்தாவின் பெயர் நான் பார்த்த கோப்புகளில் இல்லை. ஆனால் அங்கே இருந்த சிப்பாய்களின் வாக்குமூலங்களைப் படித்தபின், அவர் எப்படிப் போயிருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்த இடத்தை மட்டும் தேடாதீர்கள், கடைசியாக யார் கையில் இருந்தார் என்று பாருங்கள்.

வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி தூக்கியவருக்கு இத்தனை ஆராய்ச்சியா, நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் ஏன் சேரவில்லை என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள். சம்பளத்துக்காகப் போன கிராமத்துப் பையன் அவர். நான் அவருக்குச் சிலை கேட்கவில்லை. எல்லாருக்கும் இப்படிக் கிடைக்கும் என்றும் சொல்லவில்லை.

இவ்வளவு அலைச்சலே தேவைப்பட்டிருக்காது. பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த அவருடைய தகரப் பெட்டி, கடிதங்களோடு எங்கள் பரணில்தான் கிடந்தது. பாகப்பிரிவினையின்போது சித்தப்பா மகன் அதைப் பழைய இரும்புக்காரரிடம் 140 ரூபாய்க்குப் போட்டுவிட்டான். இப்போது நான் தேடுவதைப் பார்த்து, “பட்டாளத்து நிலம் ஏதோ இருக்கிறது, அதற்குத்தான் அடிபோடுகிறான்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

திதியை மாற்றலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “இத்தனை வருஷமாக மாசி அமாவாசைக்கு வந்து சாப்பிட்டுப் பழகியவர். இப்போது தேதியை மாற்றினால் யார் போய்ச் சொல்வது?” என்றார்.