வளர்த்த குருத்தெலும்பின் விறைப்பை வெட்டாமல் அளக்க முடியுமா?

கேள்வி: கிண்டியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். அகரோஸ் என்ற கடற்பாசி ஜெல்லில் குருத்தெலும்புச் செல்களை வளர்த்து, 3 மி.மீ. தடிமனில் வட்டத் துண்டுகளாகச் செய்கிறோம். விறைப்பைப் பார்க்க வாராவாரம் சில துண்டுகளை அழுத்தும் எந்திரத்துக்குப் பலி கொடுக்க வேண்டியிருக்கிறது. கல்லீரலுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுப்பதுபோல அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிட முடியாதா?

பதில்: முடியும். ஆனால் ஃபைப்ரோஸ்கேன் உங்களுக்கு உதவாது. பெரியவர்களுக்கான வழக்கமான ப்ரோப், தோலுக்குக் கீழே 25 முதல் 65 மி.மீ. ஆழத்தில்தான் அளக்கும். அது அனுப்பும் 50 ஹெர்ட்ஸ் குறுக்கலையின் (போகும் திசைக்குக் குறுக்கே திசுவை ஆட்டியபடி நகரும் அலை) அலைநீளமே மென்மையான திசுவில் ஏறத்தாழ 30 மி.மீ. வரும். உங்கள் துண்டோ 3 மி.மீ.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. துண்டுக்குள் ஒலி போகும் வேகத்தை அளந்துவிட்டு, அதையே விறைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வேகம் பருமக் குணகத்தை, அதாவது எல்லாப் பக்கமும் அமுக்கினால் கன அளவு சுருங்காமல் எதிர்க்கும் தன்மையைச் சார்ந்தது. ஈரமான ஜெல்லில் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். விறைப்பு பல மடங்கு ஏறினாலும் ஒலி வேகம் கொஞ்சம்தான் நகரும்.

விறைப்பைச் சொல்வது குறுக்கலையின் வேகம். அதன் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, மூன்றால் பெருக்கினால் தோராயமாக யங் குணகம், அதாவது நீங்கள் தேடும் விறைப்பின் அளவு கிடைக்கும். நொடிக்கு 2 மீட்டர் என்றால் 12 கிலோபாஸ்கல். 15 மீட்டர் என்றால் 675. வேகத்தில் 10 விழுக்காடு பிசகினால் விடையில் 20 விழுக்காடு பிசகும்.

காகிதத்தில் அழகாக இருக்கிறது, உங்கள் துண்டில் அவ்வளவு சுலபமில்லை. நொடிக்கு 10,000 படம் எடுக்கும் கருவி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2 மீட்டர் போகும் முதல் வாரத்து இளம் ஜெல்லில் அலை 5 மி.மீ. கடப்பதற்குள் 25 படம் கிடைக்கும். 15 மீட்டர் போகும் முற்றிய துண்டில் மூன்றுதான். போதாக்குறைக்கு, மெல்லிய தட்டில் அலை மேலும் கீழும் மோதித் திரும்புவதால், தடிமனான திசுவுக்கான அந்தச் சூத்திரமே பொருந்தாது. செல் குறைவான அகரோஸ் திரையில் வெறும் கறுப்பாகத் தெரியும். பின்தொடர உள்ளே புள்ளிகளே இருக்காது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது வேறு வழி: முனையில் அல்ட்ராசவுண்ட் உணரி பொருத்திய சிறு கம்பியால் துண்டை மெல்ல அழுத்துங்கள். விசையை லோட் செல் என்ற விசை உணரி சொல்லும். மேல்பரப்பு, அடிப்பரப்பு இரண்டிலிருந்தும் வரும் எதிரொலிகளின் கால இடைவெளி தடிமனைச் சொல்லும். 3 மி.மீ.க்கு அது சுமார் 4 மைக்ரோநொடி. 5 விழுக்காடு அழுத்தினால் 0.2 மைக்ரோநொடி குறையும். 10 மெகாஹெர்ட்ஸில் தாராளமாகப் பிடிக்கலாம். முனையின் அகலத்துக்கும் துண்டின் தடிமனுக்கும் உள்ள விகிதத்துக்கான திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உணரியைக் கிருமி நீக்கிவிட்டு லேமினார் ஹூட்டுக்குள் (வடிகட்டிய காற்று வீசும் சுத்தமான பெட்டி) அளந்தால், அதே துண்டை அடுத்த வாரமும் அளக்கலாம்.

இடுக்கியால் துண்டை எடுத்து வைக்கும்போது விளிம்பில் கடுகளவு காற்றுக்குமிழி ஒட்டும். அது போதும், எதிரொலி குழம்பிவிட. உப்புக்கரைசலுக்குள்ளேயே பிப்பெட்டால் பீய்ச்சி விரட்டுங்கள். கரைசல் 37 டிகிரியில் இருக்கட்டும்; ஏசி அறைக் குளிரில் ஒரு நாள், வெதுவெதுப்பில் மறுநாள் என்று எடுத்த எண்களை ஒப்பிட முடியாது.

பலி கொடுப்பதை உடனே நிறுத்திவிடாதீர்கள். முதல் சில வாரம் அதே துண்டுகளை அல்ட்ராசவுண்டில் அளந்த கையோடு பழைய எந்திரத்திலும் அழுத்துங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வராது. வேகமாக அழுத்தினால் உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரமில்லாமல் திசு கூடுதல் விறைப்பாகக் காட்டும். ஆகவே ஆய்வேட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அழுத்திய வேகத்தையும் எழுதிவிடுங்கள்.