லண்டனில் படிக்கும் உங்கள் தம்பி மகன் பற்றி

கோரிப்பாளையம் அக்கா, வகுப்பில் காசா பற்றிப் பேசியதற்காக உங்கள் தம்பி மகன் பெயரைத் தீவிரவாதத் தடுப்புத் திட்டமான 'பிரிவென்ட்'டுக்குப் பள்ளி அனுப்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அது வழக்கு இல்லை, குற்றப் பதிவும் இல்லை. பிரிட்டனின் 2015 பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பள்ளிகள் மேல் வைத்த கடமை. 2023-24இல் இப்படி அனுப்பப்பட்டவர்களில் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளே அதிகம் என்பதுதான் கொடுமை.

அடுத்து, பிரிவென்ட்டின் கீழ் தனி ஆளுக்கு வழிகாட்டலும் ஆதரவும் தரும் 'சேனல்' திட்டத்தில் சேரச் சொன்னால், பெற்றோர் சம்மதம் வேண்டும். அவசரப்பட்டுக் கையெழுத்து போட வேண்டாம். பையனைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பள்ளியிடம் எழுத்தில் பிரதி கேட்கச் சொல்லுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

எனக்குக் கவலையெல்லாம் பையன்தான். வீட்டிலும் வாயை மூடு என்றால் அவன் எங்கே பேசுவான்? நமக்கு ராத்திரி பத்து மணி என்றால் அங்கே சாயங்காலம். இன்றைக்கே போன் போடுங்கள் அக்கா, அவன் பேசட்டும்.