கேம் ஆடும்போது மட்டும் சிஸ்டம் அணையுது: பல்லடம் நண்பருக்கு

ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு, கூட 450 வாட் பவர் சப்ளைன்னு எழுதியிருக்கீங்க. கேம்ல மட்டும் பட்டுனு அணையுதுன்னா முதல் சந்தேகம் பவர் சப்ளை மேலதாங்க. கார்டு 220 வாட்னாலும் கண நேரத்துக்கு அதைவிட ரொம்ப மேல எகிறும். அப்பப் பவர் சப்ளை தன்னைக் காப்பாத்திக்க கட் ஆயிரும். கார்டு கம்பெனி என்விடியா சொல்றதே 650 வாட் பவர் சப்ளைதான். அதையே எடுங்க. அதுமேல இருக்கிற 80 பிளஸ் கோல்டு ஸ்டிக்கர் மின்சாரச் சிக்கனத்துக்குத்தான், தரத்துக்கு இல்லீங்க. லேபிள்ல 12 வோல்ட் கட்டத்துல 50 ஆம்பியருக்கு மேல இருக்கோணும்.

கார்டுல ரெண்டு 8 பின் பவர் சாக்கெட் இருந்தா ரெண்டு தனி கேபிள் போடுங்க. பழைய பவர் சப்ளையோட மாடுலர் (கழட்டி மாட்டுற) கேபிளைப் புதுசுல சொருகவே வேண்டாம். பின் வரிசை மாறியிருந்தா ஹார்டு டிஸ்க் புகைஞ்சிரும்.

பக்கத்துல தறி ஓடி கரண்ட் ஏறி இறங்குதுங்களா? யுபிஎஸ் வாங்கினா பியூர் சைன் வேவா (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையா) தர்றதா பாருங்க. இல்லைன்னா கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுற நொடியில சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகலாம்.