பீப் வந்துட்டா வயர் ஓகேவா? வயர் டெஸ்டிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, புதுசா இழுத்த வயர் எல்லாத்தையும் மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி பாத்துட்டேன், எல்லாத்துலயும் பீப் வருது. கனெக்ஷன் குடுத்துடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. பீப் வந்தா கம்பி முழுசா அறுந்து போகலன்னு மட்டும்தான் அர்த்தம். நிறைய மீட்டர் 30 ஓம் இருந்தாலே பீப் அடிச்சிரும், அதனால ஓம்ஸ்ல வச்சு நம்பரைப் பாருங்க, 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர்னா 100 மீட்டருக்கு சுமாரா 1.2 ஓம், 2.5 ஸ்கொயர்னா 0.75 கிட்ட. புரோப் ரெண்டையும் முதல்ல ஒன்னோட ஒன்னு தொட வச்சு வர்றதைக் கழிச்சிக்கோங்க. ஆனா ஜாயின்ட்ல ஏழு இழைல ஆறு அறுந்து ஒன்னு மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா ஓம்ஸ்லயும் தெரியாது, ஏன்னா மெலிஞ்ச இடம் சில மில்லிமீட்டர்தான், லோடு ஓடும்போது அங்கதான் சூடாகும். அதனால ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கையால இழுத்துப் பாத்துடுங்க.

கேள்வி: சார், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல மல்டிமீட்டர் ஓபன்னு காட்டுது, ஆனா ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா லைனை கட் பண்ற சுவிட்ச்) டிரிப் ஆகிட்டே இருக்கு. மீட்டர் பொய் சொல்லுதா?

பதில்: மீட்டர் மேல தப்பில்ல சார், அது அனுப்புறது பேட்டரில இருந்து ஒன்னு ரெண்டு வோல்ட்தான், இன்சுலேஷன்ல மயிரிழை கீறல் இருந்தா அந்த வோல்ட்டுக்கு ஒன்னும் தெரியாது, 230 வந்தாத்தான் லீக் ஆகும். அதுக்குத்தான் மெகர், அதாவது அதிக வோல்ட் குடுத்து இன்சுலேஷனை அளக்குற மீட்டர், 230 வோல்ட் லைனுக்கு 500 வோல்ட் டிசி ரேஞ்ச். மெயினை ஆஃப் பண்ணிட்டு, நிஜமாவே கரண்ட் இல்லன்னு டெஸ்டர் வச்சு உறுதி பண்ணிக்கோங்க. பல்பு, ஃபேன், எல்இடி டிரைவர், சர்ஜ் புரொடெக்டர் எல்லாத்தையும் கழட்டுங்க, இல்லன்னா ரீடிங் தப்பா வரும், டிரைவரும் போயிடும். சுவிட்சை எல்லாம் ஆன்ல வைங்க, அதுக்கப்புறம் இருக்கற வயரும் டெஸ்ட்ல வரணும்ல.

நியூட்ரலையும் போர்டுல எல்லா நியூட்ரலும் சேர்ற பார்ல இருந்து கழட்டியே ஆகணும், நிறைய பேர் இதை விட்டுட்டு ரீடிங் ஜீரோன்னு பதறுவாங்க. பேஸையும் நியூட்ரலையும் சேத்துப் பிடிச்சு எர்த்தோட பாருங்க, குறைஞ்சா தனித்தனியா பாருங்க. நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் டிரிப் ஆகும், பேஸை மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. 1 மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) குறைஞ்சபட்சம், ஆனா புது வயரிங்ல 2 வந்தா நான் ஒத்துக்க மாட்டேன், நூத்துக்கணக்குல வரணும்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுல வெயில் நாள்ல பிரச்சனையே இல்ல, மழை பெஞ்சா மட்டும் டிரிப் ஆகுது. ஏன்?

பதில்: பைப்புக்குள்ள தண்ணி எறங்குதும்மா. இதே மாதிரி ஒரு வீட்டுல நான் பாத்தப்போ காய்ஞ்ச நாள்ல 200 மெகாஓம், மழைக்கு மறுநாள் அதே லைன் 0.08. ஜங்ஷன் பாக்ஸ்ல பிரிச்சு ஒரு பாதி, அப்புறம் அதுல பாதின்னு பாத்துட்டே போனேன், கடைசியா பைப் வளையற பெண்டுல வயர் இழுக்கும்போது நகத்தால கீறின மாதிரி ஒரு கோடு, உள்ள காப்பர் பச்சை பூத்துக் கெடந்துச்சு. டேப் ஒட்டல, வயரையே மாத்தினோம். நீங்களும் மழைக்கு மறுநாளே டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, காய்ஞ்சப்புறம் பாத்தா ஒன்னும் மாட்டாது.

கேள்வி: மெகர் ரீடிங் மெதுவா ஏறிட்டே போகுது, மெகர் ரிப்பேரா?

பதில்: இல்லங்க, நீள கேபிள் சார்ஜ் ஆகுது, 1 நிமிஷம் வச்சுட்டு அப்புறம் எழுதுங்க. முடிஞ்சதும் டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத்தான் கேபிள்ல கை வைங்க, 500 வோல்ட் அப்படியே நிக்கும்.