இரண்டு சொட்டு மருந்துக்கு நடுவில் ஐந்து நிமிடம்

கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு மகிழ்ச்சி தந்த சின்னச் சின்ன விஷயங்கள் என்னென்ன, அவற்றில் எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு சொட்டு மருந்துக்கும் அடுத்த சொட்டு மருந்துக்கும் நடுவில் வரும் ஐந்து நிமிடம்தான் இந்த மாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். பெரிய வேலை அதற்குப் பிறகுதான். இரண்டு வகை சொட்டு மருந்து. முதல் வாரம் ஒரு நாளைக்கு நான்கு வேளை, அடுத்த வாரம் மூன்று, பிறகு இரண்டு, கடைசி வாரம் ஒன்று. (இது அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும்.) ஒன்றை விட்ட கையோடு அடுத்ததை விடக் கூடாது. கீழிமைக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடம் ரொம்பச் சின்னது, ஒரு சொட்டிலேயே நிரம்பிவிடும். உடனே இன்னொன்று விட்டால் முதலில் விட்டதை அது கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் குறைந்தது ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் நான் அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்கினேன். போனில் டைமர் வைத்துவிட்டு, அதே போனில் வந்திருக்கும் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அவளே கேட்டாள், "இருக்கியா, எழுந்து போயிட்டியாடா?" சுருக்கென்றது. அன்றிலிருந்து போனை அடுத்த அறையில் வைத்துவிட்டேன். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

கண்ணை மூடிக்கொண்டு பேசும்போது அம்மா வேறு மாதிரி பேசுகிறாள். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ, இத்தனை வருஷமாகச் சொல்லாததெல்லாம் வந்தது. நான் பிறந்தபோது அவள் முதலில் பார்த்தது என் காதையாம். "அப்படியே எங்க அப்பா காது. மடிப்பு உட்பட." இதை ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலையே" என்றாள். சில வேளை ஒன்றுமே பேசமாட்டாள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். நடுநடுவே, "தொண்டையில கசக்குது" என்பாள். கண்ணில் விட்ட மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் இருக்கிற அந்தச் சின்னக் குழாய்தான் காரணம். அழும்போது மூக்கு ஒழுகுவதும் அதனால்தான்.

ஒரு சாயங்காலம் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, "மழை வருது" என்றாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தேன், தரை காய்ந்துதான் கிடந்தது. "வாசனை வருது பாரு." ஒரு நிமிடம் கழித்து எனக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் முதல் துளி விழுந்தது. எங்கோ தள்ளிப் பெய்த மழையின் மண்வாசனையைக் காற்று முன்னாடியே கொண்டுவந்திருக்கிறது. அந்த வாசனைக்குப் பெட்ரிகோர் என்று 1964-இல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அதில் முக்கியமான பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை உண்டாக்குகின்றன. காற்றில் துளியூண்டு கலந்திருந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அன்றைக்கு இரண்டாவது சொட்டு விட ஐந்து நிமிடம் பத்து நிமிடம் ஆகிவிட்டது.

அடுத்து எனக்குப் பிடித்தது, அம்மாவின் நீலம்.

கண்புரை என்றால் எல்லாம் மங்கலாகத் தெரியும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். நிறமும் போய்விடும் என்பது தெரியாது. கண்ணில் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகப் பழுத்து மஞ்சளாகிறது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல, நீலம் உள்ளே வராமல் நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் பார்ப்பவருக்கே தெரியாது. கட்டைப் பிரித்த மறுநாள் காலை அம்மா கூடத்தின் நடுவில் நின்று, வலது கண்ணை மூடி ஒரு தடவை, இடது கண்ணை மூடி ஒரு தடவை, சுவரையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வெள்ளையாடா? நான் இவ்வளவு நாளா சந்தன நிறம்னு நெனச்சுட்டிருந்தேன்!" அப்புறம் அலமாரியைத் திறந்தாள். கறுப்பு என்று நினைத்து மடித்து வைத்திருந்த சால்வை, வெளிச்சத்தில் பிடித்ததும் கருநீலம். அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு அன்று முழுக்கக் கழற்றவே இல்லை.

ஓவியர் குளோட் மோனேவுக்கும் இதுதான் நடந்தது. புரை முற்றிய வருடங்களில் அவர் வரைந்தவற்றில் பழுப்பும் சிவப்பும் ஏறிக் கிடக்கும். 1923-இல் அவருக்கும் வலது கண்ணில்தான் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆனால் அப்போது கண்ணுக்குள் வைக்க லென்ஸ் கிடையாது, தடித்த கண்ணாடிதான். ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் மருத்துவர், போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்திருந்தார். அதே வகை பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949-இல் முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தார். அம்மாவிடம் இதை ஒரு ஐந்து நிமிடத்தில் சொன்னேன். "அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்" என்றாள். அவர் 2001-இல் இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேனா விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவின் பழைய மைப் பேனா ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. மை காய்ந்து கெட்டியாகிப் பல வருடம். இந்த மாதம் அதைச் சுத்தம் செய்யலாம் என்று கழற்றி, கழுத்துப் பகுதியை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். வெந்நீர் ஆகாது, பேனா வளைந்துவிடும். சாதாரணத் தண்ணீர்தான், பொறுமையாக மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நிப்பின் நடுவில் இருக்கும் மயிரிழைப் பிளவிலிருந்து ஒரு நீல நூல் கிளம்பியது. நேராக அடிக்கு இறங்கி, தரை தொட்டதும் சுருண்டு, புகைபோல விரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டம்ளருக்கு நேராக உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் இருக்கும். "எத்தனை நீலம்டா இதுல" என்று மட்டும் சொன்னாள். நான் டம்ளரைப் பார்த்ததைவிட அவள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

மூன்று நாள் தண்ணீர் மாற்றிய பிறகு பேனா எழுதியது. முதலில் தன் பெயரை எழுதினாள். அடுத்து மருந்துக் கணக்கை. அதுவரை நான் எழுதி ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டுத் தன் கையெழுத்தில் ஒன்று எழுதி ஒட்டினாள். ஊசியில் நூலையும் தானே கோத்துக்கொள்கிறாள் இப்போது.

நிலாவைச் சொல்லாமல் விட முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் ஆனபோது மூன்றாம் பிறை வந்தது. மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச காலமாகவே அவளுக்கு நிலா ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்றாகத் தெரிந்துகொண்டிருந்ததாம். புரை சில பேருக்கு அப்படியும் செய்யும். அன்றைக்கு ஒரே பிறை, கூர்மையாக. பிறைக்குள் மீதி நிலாவும் சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரிகிறது என்று அவளே சொன்னாள். அந்த வெளிச்சம் நம் பூமியிலிருந்து போனது. சூரிய ஒளி பூமியில் பட்டு, அங்கே போய், மறுபடி நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது.

ஒரு வாரம் கழித்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பைனாகுலரைக் கொடுத்தேன். 10×50 என்று போட்டிருக்கும் சாதாரண பைனாகுலர்தான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர். நிலாவைப் பார்க்க முழுநிலா நாள் நல்லதல்ல. அன்றைக்கு எல்லா இடமும் ஒரே வெளிச்சமாகத் தட்டையாக இருக்கும். பாதி நிலாவுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்த்தால், இருளும் ஒளியும் சேரும் கோட்டோரம் கோப்பர்நிக்கஸ் என்ற பள்ளம் நிழலோடு தெரியும். 90 கிலோமீட்டருக்கு மேல் அகலம். கண்ணில் அழுத்தாமல், முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றச் சொல்லி, அந்தக் கோட்டைக் காட்டினேன்.

"கிணறு மாதிரி இருக்கே!"

பிறகு இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். புதுக் கண்ணில் வெள்ளை நிலா, பழைய கண்ணில் மஞ்சள் நிலா. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ரெண்டும்" என்றாள். இடது கண்ணுக்கும் சீக்கிரம் செய்ய வேண்டும். அதற்குள் அந்த மஞ்சள் நிலாவை இன்னும் சில தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 நாளில் 70 தடவை மருந்து விட்டிருக்கிறேன். 70 ஐந்து நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். வளர்ந்த பிறகு அம்மாவோடு வேறு வேலை எதுவும் இல்லாமல் அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்ததில்லை.

போன வாரம் மருந்து முடிந்தது. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குப் பழக்க தோஷத்தில் அவள் அறைக்குப் போனேன். அம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"மருந்துதான் முடிஞ்சிடுச்சேம்மா."

"தெரியும். ஒரு அஞ்சு நிமிஷம் உட்காரு."