எஸ்டோனியா போன்ற சின்ன நாட்டில் எரிவாயுக் குழாய்களை எப்படிப் பராமரிக்கிறார்கள்? அங்கே வேலை சுலபம்தானே?

சுலபமில்லை. பெரிய நாட்டில் ஒரு குழாயை மூடினால் வாயுவை வேறு பாதையில் திருப்பிவிடலாம். எஸ்டோனியாவில் உயர் அழுத்தக் குழாய்கள் மொத்தமே ஆயிரம் கிலோமீட்டருக்குள்தான். பல ஊர்களுக்கு ஒரே குழாய். அதனால் மூடவேண்டிய வேலையெல்லாம், வீடுகளுக்குச் சூடு தேவைப்படாத கோடையில்தான்.

முதல் எதிரி துரு. சோவியத் காலக் குழாய்களுக்குத் தார்ப்பூச்சு. பிற்காலத்தவற்றுக்கு மூன்றடுக்குப் பாலிஎத்திலீன். பூச்சு விட்ட இடத்தைக் காப்பாற்ற, ரெக்டிஃபயர் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் கருவி) வழியாகக் குழாய்க்கு மெல்லிய நேர்மின்னோட்டம் கொடுப்பார்கள். ஒப்பீட்டுக்கான செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை மண்ணில் ஊன்றிக் குழாயின் மின்னழுத்தத்தை அளந்தால் –0.85 வோல்ட்டோ அதற்கும் கீழோ காட்ட வேண்டும். –1.2 தாண்டினால் ஹைட்ரஜன் உண்டாகிப் பூச்சையே பெயர்க்கும். இதில் ஒரு பொறி உண்டு. பூச்சு கிழியாமல் உறைபோலத் தளர்ந்து, அடியில் ஈரம் தங்கினால், மின்னோட்டம் அங்கே எட்டாது. மேலே மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். கீழே இரும்பு கரையும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் ‘பிக்’. வாயுவே தள்ளிச் செல்ல, காந்தப்புலத்தால் சுவரின் தடிமன் இழப்பை அளந்துகொண்டே குழாய்க்குள் போகும் கருவி. இதற்கு உள்விட்டம் சீராக இருக்க வேண்டும், வால்வு முழுத் துளையாகத் திறக்க வேண்டும், வளைவு கூர்மையாக இருக்கக் கூடாது. பழைய குழாய்கள் பல இந்தத் தேர்விலேயே தோற்கும்.

சின்ன நாட்டின் தனித் தலைவலி இங்கேதான். பிக் நொடிக்கு ஓரிரு மீட்டர் வேகத்தில் சீராகப் போக வேண்டும். கோடையில் உள்நாட்டு நுகர்வு அதற்குப் போதாது. கருவி நின்று, அழுத்தம் சேர்ந்ததும் துள்ளி ஓடும், அளவீடு பாழ். குளிர்காலத்தில் ஓட்டம் உண்டு, ஆனால் கருவி சிக்கினால் ஊரே குளிரில் நடுங்கும். என் பார்வையில் நல்ல நேரம், லாட்வியாவின் இன்சுகல்ன்ஸ் நிலத்தடிக் கிடங்கை நிரப்ப எஸ்டோனியா வழியே வாயு போகும் நாட்கள். ஆகவே பராமரிப்பு அட்டவணையை அண்டை நாட்டோடு பேசித்தான் போட வேண்டும்.

அழுத்தம் குறைக்கும் நிலையங்களையும் விட்டுவிடக் கூடாது. அழுத்தம் ஒரு பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) குறைந்தால் வாயு சுமார் அரை டிகிரி குளிரும். 40 பாரிலிருந்து 6 பாருக்கு இறக்கினால் 17 டிகிரி போச்சு. அதை ஈடுகட்ட முன்கூட்டியே வாயுவைச் சூடாக்கும் ஹீட்டர் நின்றால், வாயுவில் ஈரம் இருக்கும்பட்சத்தில், ரெகுலேட்டரை (அழுத்தம் குறைக்கும் வால்வு) இயக்கும் மெல்லிய பைலட் குழல்தான் முதலில் அடைக்கும்.

கடலடிக் குழாயின் கதை வேறு. பின்லாந்தின் இங்கோவையும் எஸ்டோனியாவின் பால்டிஸ்கியையும் இணைக்கும் 77 கிலோமீட்டர் பால்டிக்கனெக்டரில், 2023 அக்டோபர் 8 அதிகாலை அழுத்தம் 34 பாரிலிருந்து 12 பாருக்கு விழுந்தது. கப்பல் இழுத்துச் சென்ற நங்கூரம் கிழித்திருந்தது. துருவுக்கு எதிரான எந்த ஏற்பாடும் இதைத் தடுக்காது. முடிந்ததெல்லாம் உடனே இருகரை வால்வுகளையும் மூடுவதுதான். சேதமான துண்டை மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே புகுந்த நீரை வெளியேற்றி, குழாயை நன்றாக உலர்த்திய பிறகே வாயு விட வேண்டும். ஈரம் மிஞ்சினால் அழுத்தத்தில் ஹைட்ரேட் (நீரும் வாயுவும் சேர்ந்த பனிபோன்ற திடப்பொருள்) கட்டியாகும். வணிகப் பயன்பாடு 2024 ஏப்ரல் 22 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க எஸ்டோனியாவுக்கு லாட்வியா பக்கத்துக் குழாய் மட்டுமே.